கதவிடுக்கும் யன்னலிடுக்கும்: செலவு குறைந்த அடைப்பு முறைகள்

மன்னாரிலே இருந்துகொண்டு காற்றை அடைப்பது பற்றி எழுதுவது சிலருக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். வெக்கை தாங்காமல், கொஞ்சக் காற்றுக்காக முற்றத்தில் பாய் விரிப்பவர்கள் நாம். குளிர் நாட்டு மக்கள் கதவிடுக்குகளை அடைப்பது வீட்டின் வெப்பம் வெளியே போகாமல் இருப்பதற்காக. எமக்கு அந்தத் தேவை இல்லை.

ஆனால் எமது வீடுகளில் இடுக்கு வழியே வருவது காற்று மாத்திரம் அல்ல. சோளகத்தோடு மணல் வருகிறது. வாடையோடு மழைச்சாரல் வருகிறது. அந்தியில் நுளம்பு வருகிறது. இரவில் பாம்பு வருகிறது. இவை எல்லாவற்றுக்கும் ஒரே வாசல், சரியாகப் பொருந்தாத கதவும் யன்னலுமே.

இந்தப் பாடத்தின் சாரத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். யன்னல் என்பது நாம் வேண்டும்போது திறந்து, வேண்டாதபோது மூடும் வழி. இடுக்கு என்பது எம்மைக் கேளாமல் எந்நேரமும் திறந்திருக்கும் வழி. ஆகவே இடுக்கை அடைப்பது காற்றோட்டத்துக்கு எதிரான வேலை அல்ல. எந்தக் காற்று, எந்த நேரத்தில், எந்த வழியாக வரவேண்டும் என்பதை வீட்டார் தீர்மானிப்பதற்கான வேலை அது.

1. எமது காற்றை அறிவோம்

மே மாதம் தொடங்கி செப்டெம்பர் வரை தென்மேற்கிலிருந்து சோளகம் வீசுகிறது. இக்காலத்தில் எமக்கு மழை மிகக் குறைவு. நிலம் காய்ந்து மணல் கிளம்புகிறது. ஒக்டோபருக்குப் பின் காற்று மெல்ல மெல்ல வடகிழக்குக்கு மாறி வாடையாகிறது. எமது ஆண்டு மழையின் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் டிசம்பர் வரையிலேயே பெய்கிறது. எனவே ஒரே வீட்டில், ஒரு பக்கக் கதவு மணலுக்கும் மறுபக்கக் கதவு மழைக்கும் முகம் கொடுக்கிறது.

எமது காற்றின் வலுவை அளந்து பார்த்தே தீவின் தென்கரையில் 30 காற்றாலைகளைக் கொண்ட தம்பபவனி மின்நிலையம் அமைக்கப்பட்டு 2020 டிசம்பரில் திறக்கப்பட்டது. அதன் கொள்ளளவு 103.5 மெகாவாற். காற்றாலைகள் பற்றி எமது மக்களிடையே உள்ள கேள்விகள் தனியாகப் பேசப்பட வேண்டியவை. இவ்வளவு பெரிய சுழலிகளைச் சுற்றவைக்கும் காற்றுத்தான் எமது கதவுகளிலும் மோதுகிறது என்பதே இங்கு நாம் கவனிக்க வேண்டியது.

காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது கதவில் கொடுக்கும் அமுக்கம் நான்கு மடங்காகும். காற்று வரும் பக்கச் சுவரில் அது உள்நோக்கித் தள்ளுகிறது. எதிர்ப்பக்கச் சுவரிலும் கூரைமேலும் வெளிநோக்கி இழுக்கிறது. ஒரு பக்க இடுக்கால் புகுந்து மறுபக்க இடுக்கால் வெளியேறும்போது, கொண்டுவந்த மணலை வீட்டுக்குள் போட்டுவிட்டுப் போகிறது.

இன்னொரு செய்தியும் முக்கியமானது. காற்று அடித்துச் செல்லும் மணலில் பெரும்பகுதி நிலத்திலிருந்து ஏறக்குறைய ஓர் அடி உயரத்துக்குள்ளேயே துள்ளித் துள்ளிச் செல்கிறது. மேலே பறப்பது மென்தூசு. ஆகவே மணலைத் தடுக்க விரும்புபவர் முதலில் பார்க்கவேண்டிய இடம் கதவின் அடிப்பக்கம்.

2. சிறிய இடுக்கு, பெரிய ஓட்டை

3 அடி அகலக் கதவின் கீழே அரை அங்குல இடைவெளி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 36 அங்குலத்தை அரையால் பெருக்கினால் 18 சதுர அங்குலம். அதாவது கதவுப் பலகையில் நாலேகால் அங்குலச் சதுரமாக ஓர் ஓட்டை வெட்டியதற்குச் சமம்.

யன்னலைப் பாருங்கள். 4 அடி உயரமும் 3 அடி அகலமும் உள்ள இரட்டைக் கதவு யன்னலின் சுற்றளவு 14 அடி. நடுவே இரு கதவுகளும் சேரும் இடம் 4 அடி. மொத்தம் 18 அடி, அதாவது 216 அங்குலம். எல்லா இடத்திலும் அரைக்கால் அங்குல (1/8) இடுக்கு இருந்தால் 27 சதுர அங்குலம். அது ஐந்து அங்குலச் சதுர ஓட்டையைவிடப் பெரிது. அப்படி ஓர் ஓட்டை சுவரில் இருந்தால் அன்றைக்கே அடைத்துவிடுவோம். நீளமாகவும் மெல்லியதாகவும் இருப்பதால் ஆண்டுக்கணக்காக விட்டுவைக்கிறோம்.

3. ஏன் அடைக்க வேண்டும்?

*உழைப்பு.* சோளகக் காலத்தில் ஒரு பெண் நாளுக்கு எத்தனை தரம் வீடு கூட்டுகிறார் என்று வீட்டிலேயே எண்ணிப் பாருங்கள். சோற்றுப் பானையில், பிள்ளையின் கண்ணில், தையல் இயந்திரத்தில், பாடப் புத்தகத்தில் எல்லாம் மணல். கூட்டுவது கூலியில்லாத வேலை. அதனால்தான் அதைக் குறைக்கும் வழியை யாரும் தேடுவதில்லை.

*நுளம்பு.* 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. அதே ஆண்டு டிசம்பரில், மலேரியாவைப் பரப்பக்கூடிய அனோபிலிஸ் ஸ்டெபன்ஸி என்னும் நுளம்பு இலங்கையில் முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டது. கண்டுபிடிக்கப்பட்ட இடம் மன்னார்த் தீவு. கிணற்றிலும் தண்ணீர்த் தொட்டியிலும் பெருகும் இனம் அது. நோய் போய்விட்டாலும் அதைக் காவக்கூடிய நுளம்பு எமது ஊரில் கால் வைத்திருக்கிறது என்பதை மறக்கலாகாது.

*பாம்பு.* எட்டடி விரியன் எனப்படும் கட்டுவிரியன் இரவில் நடமாடும் பாம்பு. தரையில் பாய் போட்டு உறங்குவோரே பெரும்பாலும் அதற்கு இலக்காகின்றனர். கடித்த இடத்தில் வலி மிகக் குறைவாக இருப்பதால் தூக்கத்தில் அறியாமலும் போகலாம். கதவின் அடியில் உள்ள முக்கால் அங்குல இடைவெளி அதற்குப் போதும்.

*சூறாவளி.* 1964 டிசம்பர் 22, 23 ஆம் திகதிகளில் தனுஷ்கோடியை அழித்த சூறாவளி எமது கரையையும் தாக்கியது. 2020 டிசம்பர் தொடக்கத்தில் புரெவி வடமாகாணத்தைக் கடந்து மன்னார் வளைகுடாவுக்குள் இறங்கியது. இத்தகைய காற்றில், காற்று வரும் பக்கத்துக் கதவு பிய்த்துக்கொண்டு திறந்தால், உள்ளே நிறையும் அமுக்கம் கூரையைக் கீழிருந்து தள்ளுகிறது. வெளியே ஓடும் காற்று மேலிருந்து இழுக்கிறது. தகரமும் சீற்றும் பறப்பது இப்படித்தான். எனவே கதவு இறுக்கமாகப் பொருந்துவதும், மேலும் கீழும் கொண்டி போட்டு நிற்பதும் கூரையின் பாதுகாப்பும் ஆகும்.

4. இடுக்கைக் கண்டுபிடித்தல்

செலவில்லாத மூன்று சோதனைகள் உள்ளன.

(அ) இரவில் ஒருவர் வெளியே நின்று கதவைச் சுற்றி ரோச் வெளிச்சம் அடிக்கட்டும். மற்றவர் உள்ளே விளக்கை அணைத்துவிட்டு, வெளிச்சம் தெரியும் இடங்களைச் சுண்ணக்கட்டியால் குறிக்கட்டும்.

(ஆ) காற்று வீசும் நேரத்தில் ஊதுபத்தி ஒன்றைக் கதவின் ஓரமாக மெல்ல நகர்த்துங்கள். புகை வளையும் இடத்தில் இடுக்கு உண்டு. திரைச்சீலையை முதலில் ஒதுக்கிவிடுங்கள்.

(இ) வீட்டைக் கூட்டிவிட்டு இரண்டு மணி நேரம் விடுங்கள். மணல் எங்கே கோடாக விழுந்திருக்கிறதோ அதற்கு நேரே வழி இருக்கிறது.

இவ்வேலையைப் பாடசாலைப் பிள்ளைகளிடம் கொடுத்தால் ஒரே மாலையில் முடித்துவிடுவார்கள்.

5. அடைக்கும் முறைகள்

*முதலில் பிணைச்சல்.* உப்புக்காற்றில் பிணைச்சல் துருப்பிடித்துத் தளர்ந்தால் கதவு சாய்கிறது. சாய்ந்த கதவுக்கு எத்தனை றப்பர் அடித்தாலும் பயனில்லை. மேல் பிணைச்சலின் திருகாணிகள் பிடியாமல் சுழன்றால் அவற்றைக் கழற்றி, துளைக்குள் பசையில் தோய்த்த தீக்குச்சிகளைச் செருகிக் காயவிட்டு மீண்டும் முறுக்குங்கள். அதன் பின்னும் கதவு தரையில் உராய்ந்தால், கீழ்ப் பிணைச்சலுக்கும் நிலைக்கும் இடையே மெல்லிய றப்பர்த் துண்டு ஒன்றை வையுங்கள். பூட்டுப் பக்கம் சற்று மேலே எழும்பும்.

*கதவின் அடிக்கு சைக்கிள் ரியூப்.* பழைய ரியூப்பை நீளவாட்டில் வெட்டி விரித்து, 3 அங்குல அகலப் பட்டியாக எடுங்கள். சைக்கிள் ரியூப் அகலம் போதாவிட்டால் மோட்டார்ச் சைக்கிள் ரியூப் உதவும். கதவின் உட்பக்கத்தில் அடியோடு பட்டியை வைத்து, மேலே மெல்லிய மரச்சட்டம் ஒன்றை வைத்து ஆணி அடியுங்கள். சட்டம் இல்லாமல் அடித்தால் ஆணித்தலையைச் சுற்றி றப்பர் கிழியும். பட்டியின் கீழ் விளிம்பு தரையைத் தொட்டும் தொடாமலும் இருக்கவேண்டும். தரை மேடுபள்ளமாயின் அதற்கேற்பக் கத்தரித்துவிடுங்கள். சாதாரண இரும்பாணி எமது காற்றில் விரைவில் துருப்பிடிக்கும். நாகமுலாம் பூசிய ஆணியே நல்லது.

*மணல் தலையணை.* வாடகை வீட்டில் இருப்போரும் ஆணி அடிக்க முடியாதோரும் இதைச் செய்யலாம். பழைய காற்சட்டையின் ஒரு காலையோ சாரத் துண்டையோ கதவின் அகலத்துக்கு நீண்ட பையாகத் தைத்து, மணல் நிரப்பி, வாயைத் தைத்துவிடுங்கள். இரவில் கதவின் அடியில் உட்புறமாக வைத்தால் போதும். கடற்கரை மணலை அப்படியே போட்டால் அதிலுள்ள உப்பு ஈரத்தை இழுக்கும். நல்ல தண்ணீரில் இரண்டு தரம் அலசி, வெயிலில் காயவைத்து நிரப்புங்கள். எம்மை வருத்தும் மணலே எமக்குக் காவலாகிறது.

*நிலையின் ஓரத்துக்குச் செருப்பு றப்பர்.* தேய்ந்த றப்பர்ச் செருப்பை அரை அங்குலப் பட்டிகளாக வெட்டி, கதவு வந்து முட்டும் நிலையின் உட்பள்ளத்தில் ஒட்டுங்கள். கதவை மூடும்போது அது சற்று அமுங்கவேண்டும். மூடக் கஷ்டமாக இருந்தால் பட்டி தடிப்பு. மெல்லியதாகச் சீவுங்கள். றப்பர் கிடையாவிட்டால் பழைய சீலையை நான்காக மடித்துத் தைத்துச் சிற்றாணியால் அடிக்கலாம்.

*இரட்டைக் கதவு யன்னலின் நடு இடுக்கு.* ஒன்றரை அங்குல அகல மெல்லிய சட்டத்தை ஒரு கதவின் வெளிப்புற விளிம்பில், பாதி வெளியே நீட்டி நிற்கும்படி அடித்துவிடுங்கள். மற்றக் கதவு அதன் பின்னே மறைந்துகொள்ளும். யன்னல் வெளிப்புறமாகத் திறப்பதாயின், சட்டம் அடித்த கதவை முதலில் திறந்து கடைசியில் மூடவேண்டும்.

*நிலைக்கும் சுவருக்கும் இடையே.* மரத்தோணியின் பலகை இடுக்கை அடைக்கும் கலப்பற்று வேலையை எமது கடற்றொழிலாளரில் மூத்தவர்கள் அறிவார்கள். அதே முறைதான். தேங்காய்த் தும்பைச் சுண்ணாம்புக் குழம்பில் தோய்த்து, இடுக்கில் வைத்து, மொட்டை உளியால் அடித்து இறுக்கி, மேலே சாந்து பூசுங்கள். சீமெந்துச் சாந்தாயின் ஒரு பங்கு சீமெந்துக்கு நான்கு பங்கு மணல் போதும். கடல் மணலைச் சேர்க்க வேண்டாம். சுவர் ஈரம் பிடிக்கும், இரும்பும் அரிக்கும். மண்சுவருக்குச் சீமெந்து ஒட்டாது. களிமண்ணும் நறுக்கிய வைக்கோலும் சேர்த்துக் குழைத்ததே பொருந்தும்.

*மழைக்கு.* வாடைப் பக்கக் கதவின் வெளிப்புற அடியில், இரண்டு அங்குலச் சட்டம் ஒன்றைச் சரிவாகச் சீவி அடியுங்கள். கதவில் வழியும் தண்ணீர் வாசற்படிக்கு வெளியே சொட்டும். வாசற்படியும் வெளிநோக்கிச் சற்றுச் சரிந்திருக்கவேண்டும். உள்நோக்கிச் சரிந்திருந்தால் மேலே மெல்லிய சாந்து போட்டுத் திருத்தலாம்.

*கிடுகு வீடுகளுக்கு.* சுவரே இடுக்காக இருக்கும்போது எல்லாவற்றையும் அடைக்க முயல வேண்டாம். நிலத்திலிருந்து முழங்கால் உயரம் வரை உரப்பைகளை வெட்டித் தைத்து உட்புறமாகக் கட்டுங்கள். கீழ் விளிம்பில் ஆறு அங்குலத்தை மண்ணுக்குள் புதையுங்கள். மணலும் பாம்பும் வரும் உயரம் அதுவே. அடுப்புக்கு அருகில் மட்டும் உரப்பையோ படங்கோ வேண்டாம். தீப்பிடிக்கும்.

6. அடைக்கக் கூடாத இடங்கள்

இந்தப் பகுதியை வாசிக்காமல் மேலே சொன்னவற்றைச் செய்யவேண்டாம்.

விறகு எரியும் அடுப்படியில் புகை போகும் வழியை ஒருபோதும் அடைக்கலாகாது. வீட்டு அடுப்புகளின் புகையால் 2020 ஆம் ஆண்டில் உலகில் 32 இலட்சம் பேர் இறந்தனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. அடுப்புக்கு மேலே, சுவரின் உச்சியில் புகை வெளியேற வழி இருக்கவேண்டும். காற்று எதிர்த்தடித்துப் புகை திரும்பினால், வழியை அடைக்காமல் காற்று ஒதுங்கும் பக்கத்துக்கு மாற்றுங்கள்.

எரிவாயு பயன்படுத்தும் அடுப்படிக்கு வேறு விதி உண்டு. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தேங்கும். 2021 இறுதியில் நாட்டின் பல இடங்களில் நடந்த எரிவாயு வெடிப்புகள் எமக்கு நினைவிருக்கும். ஆகவே அவ்வகை அடுப்படியில் தரையோடு ஒரு வழி திறந்தே இருக்கவேண்டும். பாம்பு வராதபடி அதற்குச் சிறுகண் கம்பிவலை அடியுங்கள்.

படுக்கையறையில் கீழே அடைத்தால் மேலே திறவுங்கள். சுவரின் உச்சியில், முடிந்தால் எதிரெதிராக இரண்டு துவாரங்கள் வேண்டும். அவற்றுக்கு நுளம்பு வலைத்துணி கட்டுங்கள். தரமான நுளம்பு வலையில் ஒரு சதுர அங்குலத்துக்கு 156 கண்கள் இருக்கும். எந்த நைலோன் மீன்வலையும் அதற்கு ஈடாகாது. காசநோய் உள்ளவர் அல்லது இருமல் நீடிக்கும் ஒருவர் இருக்கும் அறையில் பகல் முழுவதும் யன்னல் திறந்திருக்கட்டும். அங்கே காற்றோட்டமும் மருந்தைப் போன்றதே.

இறுக்கிய அறையில் தணல் சட்டி, சிரட்டைக்கரி, வேப்பிலைப் புகை எதையும் வைத்து உறங்க வேண்டாம். மணமில்லாத நச்சுவாயு உயிரைக் குடிக்கும். நுளம்புச் சுருளும் அப்படியே. ஒரு சுருள் எரிந்து முடியும்போது வெளிவரும் நுண்துகள், குறைந்தது 75 சிகரெட்டுகளின் புகைக்குச் சமம் என்று 2003 இல் வெளியான ஆய்வு ஒன்று கண்டது. இடுக்கை அடைத்து, வலை கட்டிய வீட்டில் சுருளுக்கு வேலை குறையும். பாயின் கீழே செருகிய நுளம்பு வலை, பாம்புக்கும் ஒரு தடைதான்.

7. எப்போது செய்வது?

மரம் மழைக்காலத்தில் ஈரத்தை உறிஞ்சிப் பருக்கும். வெயிற்காலத்தில் சுருங்கும். நவம்பரில் கதவு இறுகுகிறது என்று சீவிவிட்டால், ஜூனில் அதே இடத்தில் விரல் நுழையும் இடுக்கு வரும். மழைக்காலத்தில் இறுகும் கதவுக்கு ஓரத்தில் மெழுகுதிரியைத் தேய்த்துச் சமாளியுங்கள். சீவுவதானால் சித்திரை மாதத்தில் சீவுங்கள். றப்பர்ப் பட்டிகளையும் அப்போதே அடியுங்கள். செப்டெம்பரில் மழைப்பக்க வேலைகளையும் கொண்டிகளையும் பாருங்கள். றப்பர் வெயிலில் வெடிக்கும் என்பதால் ஆண்டுக்கு ஒரு தரம் சோதித்து மாற்றவேண்டும்.

போருக்குப் பின் எழுந்த வீடுகளில், சுவரும் கூரையும் முடிந்ததும் கைக்காசு முடிந்துபோன குடும்பங்கள் பல. கடைசியாக வருவது கதவும் யன்னலும். அவற்றுக்குக் கிடைத்ததோ காயாத மரம். அது காய்ந்து சுருங்கியபோது வீட்டாரின் திறமைக் குறைவு என்று எண்ணிக்கொண்டவர்களும் உண்டு. அது மரத்தின் இயல்பு. அதைத் திருத்த மீண்டும் கடன்பட வேண்டியதில்லை. ஒரு பழைய ரியூப், ஒரு சோடிச் செருப்பு, ஒரு பிடி ஆணி, ஒரு பிற்பகல் போதும்.

சுத்தியலும் வாளும் எல்லா வீட்டிலும் இல்லை. ஐந்து வீடுகள் சேர்ந்து ஒரு குழுவாகி, கிழமைக்கு ஒரு வீடு என்று செய்தால் ஐந்து கிழமையில் ஒழுங்கை முழுவதும் முடியும். தனியே வாழும் முதியவரின் வீட்டிலிருந்து தொடங்குங்கள். குனிந்து கூட்ட முடியாதவர் அவரே.

குழுவில் கலந்துரையாட

1. எமது வீட்டில் சோளகம் மோதும் கதவு எது, வாடை மோதும் கதவு எது?
2. வீட்டில் மணல் கூட்டுபவர் யார்? கதவு திருத்தச் செலவு செய்வதா என்று தீர்மானிப்பவர் யார்? இருவரும் ஒருவரா?
3. எமது அடுப்படியில் புகை போகும் வழி எது? எரிவாயு கசிந்தால் அது வெளியேறும் வழி எது?
4. தரையில் உறங்குவோர் யார்? அவர்கள் தலைமாட்டிலிருந்து கதவு எவ்வளவு தூரம்?
5. சூறாவளி எச்சரிக்கை வந்தால் எந்தக் கதவை முதலில் கொண்டியிட வேண்டும் என்பது பிள்ளைகளுக்குத் தெரியுமா?

அடுத்த கூட்டத்துக்கு முன் ஒவ்வொருவரும் ஒரு கதவை மாத்திரம் செய்து பாருங்கள். செய்த மறுநாள் காலை, கூட்டிய மணலை ஒரு சிரட்டையில் அளந்து, முந்திய நாள் அளவோடு ஒப்பிடுங்கள். அந்த இரண்டு அளவுகளையும் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். மற்றக் கதவுகளைப் பற்றி அப்போது பேசுவோம்.